நான் எதற்காக இருக்கிறேன்? பீடோங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் வாலிபர் கூட்டம் வெள்ளிக்கிழமை காலை நடக்கும். மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் பெரியவர்கள் வேலையிலும் இருப்பார்கள். கூட்டம் நடக்கிற அறையில் ஜன்னலோரமாக ஒரு பழைய மைலோ டின் இருக்கிறது. வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் தாளில் எழுதி அதற்குள் போட்டுவிடலாம். பேர் எழுத வேண்டியதில்லை. காதல், படிப்பு, அப்பாவோடு சண்டை, வேலை என்று எதை எழுதினாலும், அதன் அடியில் கிடக்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: நான் எதற்காக இருக்கிறேன்? கொஞ்ச நாளில் பெரியவர்களும் எழுதிப் போடத் தொடங்கிவிட்டார்கள்.

நான் போதகர் இல்லை. பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், பால் மரம் வெட்டிய தாய்க்குப் பிறந்து, லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவள். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன் (வெள்ளிக்கிழமை நடந்தாலும் அதை ஞாயிறு பள்ளி என்றுதான் சொல்கிறோம்). டின்னில் அடிக்கடி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

“நோக்கம்னா என்ன டீச்சர்? எந்த வேலைக்குப் போகணும்கிறதா?”

இல்லை, தம்பி. வேலை அதற்குள் வரும். அதுவே நோக்கம் ஆகிவிடாது. வேலைதான் நோக்கம் என்றால் படுக்கையில் கிடக்கிற உன் பாட்டிக்கு நோக்கமே இல்லை என்று ஆகிவிடும்.

1647இல் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய சபைப் பெரியவர்கள் பிள்ளைகளுக்கும் புதிதாக வருகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க ஒரு வினாவிடை எழுதி முடித்தார்கள். அதன் முதல் கேள்வியே இதுதான்: மனிதன் வாழ்வதன் தலையாய நோக்கம் என்ன? பதிலில் இரண்டு பாதி இருக்கிறது. கடவுளை மகிமைப்படுத்துவது ஒன்று. என்றென்றும் அவரில் மகிழ்ந்திருப்பது இன்னொன்று. நம் வீடுகளில் முதல் பாதியை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டோம் என்று எனக்கு வெகுநாளாக ஒரு வருத்தம் உண்டு. அதனால்தான் பிள்ளைகள் கடவுளைத் தேர்வு அறையில் பின்னால் நின்று பார்க்கிற வாத்தியாரைப் போல நினைத்துக்கொள்கிறார்கள்.

இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறியபோது வானத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது: “இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்.” அந்த நேரத்தைக் கவனித்துப் பார். ஒரு குருடனுக்கும் அவர் இன்னும் பார்வை கொடுக்கவில்லை. ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. அதற்கு முன் ஏறக்குறைய முப்பது வயதுவரை நாசரேத்தில் தச்சு வேலை. பிரியமாயிருக்கிறேன் என்ற வார்த்தை முதலில் வந்தது, ஊழியம் அதற்குப் பிறகுதான். நீயும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நீ ஏற்கனவே நேசிக்கப்பட்டிருக்கிறாய். எதையாவது சாதித்துக் காட்டி அந்த நேசத்தைச் சம்பாதிக்க வேண்டியதில்லை. இதை நம்பாமல் நோக்கம் தேடுகிறவர்கள் கடைசியில் கைதட்டலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

“புது வருஷ ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்தமாக வந்தது. அப்போ எனக்கென்று ஒரு திட்டம் எழுதி வைத்திருக்கிறார்தானே? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?”

இந்தக் கேள்வி வராத வருஷமே இல்லை. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து, தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை எடுப்போம். அந்த வசனம் வந்தவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்; அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவோம். வருஷம் முழுக்க அங்கேயே இருக்கும்.

அந்த அட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. ஆனால் அதே அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படித்துப் பார் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அது ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பிடித்துக்கொண்டு போனான். ஊர் விட்டு ஊர் கொண்டுபோகப்பட்ட அந்த ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமில் இருந்து எழுதி அனுப்பியது. இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடலாம் என்று அனனியா என்ற ஒருவன் தீர்க்கதரிசனம் சொல்லிக்கொண்டிருந்தான். ஜனங்களுக்கு அது இனித்தது. எரேமியா எழுதினது எழுபது வருஷம் என்று. அதாவது, அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கின பெரியவர்களில் அநேகர் பாபிலோனிலேயே கண்மூடப்போகிறவர்கள்.

அப்படிப்பட்டவர்களுக்குக் கர்த்தர் சொன்ன வேலை என்ன? ஐந்தாம் வசனம்: “நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்.” ஏழாம் வசனம், அவர்களைச் சிறைப்படுத்தின அந்தப் பட்டணத்தின் சமாதானத்தையே தேடி அதற்காக ஜெபிக்கச் சொல்கிறது.

இதை முதன்முதலாக நிதானமாகப் படித்த அன்று எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்துவிட்டார். லயத்துக்குப் பின்னால், கக்கூஸ் வாசலுக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடத்தில், பாட்டி முருங்கைக் கொம்பு ஒன்றை ஊன்றினார். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை நின்றால் சாமானைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். ஊருக்குப் போய்விடலாம் என்று தாத்தா வருஷாவருஷம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். பாட்டி அதற்குப் பதிலே சொல்லாமல் கொம்பின் தலையில் சாணியை அப்பி, பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்றையும் வைத்தார். அக்கம்பக்கத்து ஆறு வீட்டுக்கும் குழம்பில் போட அந்த மரத்திலிருந்துதான் காய் போனது. தோட்டம் என்ற அதே சொல்லைத்தான் பைபிளிலும் வாசிக்கிறோம், இங்கே நம் முப்பாட்டன்கள் கங்காணி பின்னால் வந்து இறங்கின இடத்துக்கும் சொல்கிறோம். அந்தச் சொல் என்னை அன்றைக்குப் பிடித்து நிறுத்திவிட்டது.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: கர்த்தருக்கு உன்மேல் நினைவு இருக்கிறது, அது சத்தியம். ஆனால் அது எங்கேயோ புதைத்து வைத்த தகடு இல்லை, நீ தோண்டி எடுக்கத் தவறினால் வாழ்க்கையே வீண் என்று பயப்படுவதற்கு. வசனத்தில் வருகிற “உங்கள்பேரில்” என்பது ஒரு ஆளுக்குக் கொடுக்கிற மரியாதைச் சொல்லும் இல்லை. அது பன்மை, ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது. அந்த ஜனத்தோடு சேர்ந்துதான் உனக்கும் அந்த வாக்கு. நீ இருக்கிற இடத்தில் எதை நடலாம், இந்த ஊரின் சமாதானத்துக்கு என்ன செய்யலாம் என்று பார்க்கத் தொடங்கு. அடுத்த அடி எது என்று அப்போது தெரியவரும். முழு வழியும் ஒரே நாளில் தெரிந்த ஒருவரை நான் வேதத்தில் பார்க்கவில்லை. ஆபிரகாம் போகும் இடம் எது என்று தெரியாமல்தான் புறப்பட்டுப் போனார்.

“எஸ்.பி.எம். தேர்வு சரியாக வரவில்லை. கூலிம் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. இதில் என்ன நோக்கம் இருக்கு, அக்கா?”

என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன், தங்கச்சி. விடிகாலை நாலரைக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டோடு இருட்டாக வெட்டியாக வேண்டும். பள்ளி விடுமுறையில் நானும் பால் வடிகிற மங்கு துடைக்கப் போவேன். அம்மா உளியைப் பட்டையில் வைத்து இழுக்கிற இழுப்பை அப்போது கிட்டேயிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு காசின் கனம் அளவுக்குத்தான் சீவல் சுருண்டு விழும். மேலாகச் சீவினால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால் மரம் காயப்பட்டு, மறுபட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பட்டை திரும்ப வளர்ந்து அதே இடத்தில் உளி வைக்க ஏழெட்டு வருஷம் ஆகும். அப்போது அந்த நிரையில் வெட்டப்போவது யாரென்று அம்மாவுக்குத் தெரியாது. ஆனாலும் ஒருநாளும் காயம் போட்டதில்லை. “பின்னாடி வர்றவளுக்குக் கஷ்டம்ல” என்பார். காண்டா வாளியில் பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடக்கும்போது ஏதாவது ஒரு கீர்த்தனை வாயில் ஓடிக்கொண்டே இருக்கும்.

பிறனிடத்தில் அன்புகூருவது என்றால் என்ன என்று நான் படித்த முதல் பாடம் அது. பவுல் அப்போஸ்தலர் கொரிந்துவில் கூடாரம் தைத்துச் சம்பாதித்தார். தபீத்தாள் என்ற தொற்காள் யோப்பா பட்டணத்தில் விதவைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தாள். அவள் இறந்தபோது அந்த விதவைகள் அழுதுகொண்டே அவள் தைத்த அங்கிகளைப் பேதுருவிடம் எடுத்துக் காட்டினார்கள். அவள் பேசின பேச்சு ஒன்றுகூட வேதத்தில் இல்லை. அந்த அங்கிகள் இருக்கின்றன.

நீ ஃபேக்டரியில் பார்க்கிற அந்தச் சின்னச் சாமான் யாரோ ஒருவருடைய இருதயத் துடிப்பை அளக்கிற கருவிக்குள் போகலாம். உன் லைனில் புதிதாக வந்து, மொழி தெரியாமல் நிற்கிற நேப்பாளப் பையனுக்கு நீ காட்டுகிற தயவு கர்த்தரின் கணக்கில் சின்னது இல்லை. திரும்பப் படிக்க ஆசையிருந்தால் கட்டாயம் படி. தேர்வை மறுபடி எழுத வழி இருக்கிறது. அதுவரைக்கும் உன் வாழ்க்கை வெளியே காத்துக்கொண்டு நிற்கிறது என்று மட்டும் நினைக்காதே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலையில் உண்மையாக இரு என்றால் அநியாயத்துக்கு வாய்மூடி இரு என்று அர்த்தமில்லை. யாக்கோபு 5:4இல், அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்றும் அது கர்த்தரின் செவியில் விழுந்தது என்றும் எழுதியிருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்ட் முதல், வீட்டுப் பணியாளர்களைத் தவிர, எல்லாருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதைவிடக் குறைவாகக் கொடுத்தால் தொழிலாளர் அலுவலகத்திலும், ஈ.பி.எஃப். சேமநிதியோ சொக்சோ காப்புறுதியோ கட்டாமல் விட்டால் அந்தந்த அலுவலகத்திலும் புகார் செய். அதுவும் விசுவாசத்தில் சேர்ந்த காரியம்தான்.

“முழுநேர ஊழியத்துக்குப் போனால்தான் கடவுளுக்காக வாழ்வதா?”

இல்லை. அழைக்கப்பட்டவர்கள் போகட்டும், அவர்களைத் தாங்குவோம். மற்றவர்களெல்லாம் இரண்டாம் தரம் என்ற எண்ணம் வேதத்தில் எனக்குத் தென்படவில்லை.

“கடவுள் என்ன சொல்கிறார் என்று எப்படித் தெரியும்? காதில் கேட்குமா?”

எலியா தீர்க்கதரிசி மலையில் நின்றபோது காற்று வந்தது, பூமி அதிர்ந்தது, அக்கினி வந்தது. அவற்றில் கர்த்தர் இல்லை. அதற்குப் பிறகுதான் “அமர்ந்த மெல்லிய சத்தம்”. மெல்லிய சத்தம் கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் இரைச்சல் இருக்கக்கூடாது. போனை வேறு அறையில் வைத்துவிட்டுக் காலையில் பதினைந்து நிமிஷம் வேதத்தோடு உட்கார்ந்து பார். முதல் வாரம் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவனுக்கு, வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் கூட்டத்தில் தலைமேல் கைவைத்து, “கர்த்தர் உனக்கு வெளிநாட்டு வாசலைத் திறக்கிறார்” என்றார். இவன் மறுவாரமே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டான். எட்டு மாதம் வீட்டில் இருந்தான். அம்மா இட்லி விற்றுக் குடும்பத்தை ஓட்டினார். அந்தப் பிரசங்கியார் திரும்ப வரவேயில்லை. அவன் விசுவாசத்தைக் குறை சொல்லமாட்டேன். அவன் நம்பினது அவ்வளவு முழுமையாக நம்பினான். ஒரே ஒரு தடவை தன் அம்மாவிடமும் போதகர் ஐயாவிடமும் உட்கார்ந்து பேசியிருக்கலாமே என்றுதான் இன்றுவரை என் மனம் ஆறவில்லை.

மீகா 6:8 ஏற்கனவே பெரும்பகுதியைச் சொல்லிவிட்டது: நியாயஞ்செய்ய வேண்டும், இரக்கத்தைச் சிநேகிக்க வேண்டும், தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நடக்க வேண்டும். உனக்கு வந்ததாக நீ நினைக்கிற சத்தம் இந்த மூன்றில் ஒன்றை மீறச் சொன்னால் அது அவருடையது இல்லை. அதற்குள் அடங்குகிற இரண்டு நல்ல வழிகள் எதிரே இருந்தால், உன்னை நன்றாக அறிந்தவர்களைக் கேட்டு, எதில் உன் கை சரியாகப் போகிறதோ அதை எடு. தப்பாக எடுத்துவிட்டாலும் அவர் உன்னைக் கைவிட்டுவிட மாட்டார்.

“எனக்கு 61 வயது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், தாமான் குடியிருப்பில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேரன் பள்ளிக்குப் போனபின் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இனிமேல் எனக்கு என்னம்மா நோக்கம்?”

ஐயா, இந்தத் தாளைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் மடித்து வைக்கவில்லை.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்றவர் நீங்கள். இருட்டில், கிராணி பேர் கூப்பிடக் காத்து நிற்கிற அந்த நிமிஷம் எப்படி இருக்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். மழை விழுந்தால் வேலையில்லை, வேலையில்லாவிட்டால் அன்றைக்குச் சம்பளமில்லை. மத்தேயு 20இல் இயேசு சொன்ன கதை உங்களுக்காகவே சொன்னது. திராட்சத்தோட்டத்துக்காரன் ஒருவன் அதிகாலையில் கூலியாள் பிடிக்கப் போகிறான். மறுபடி மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி வேளைகளிலும் போகிறான். பொழுது சாய ஒரு மணிநேரம் இருக்கும்போது, பதினோராம் மணி வேளையில், இன்னும் சிலர் நிற்பதைப் பார்த்து, ஏன் பகல் முழுக்கச் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறான். “ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை” என்கிறார்கள்.

நீங்கள் எழுதியதும் அதே வார்த்தைதான், ஐயா.

அந்தக் கதையில் எஜமானுக்குக் காரியக்காரன் ஒருவன் இருக்கிறான். சாயங்காலம் கூலி கொடுக்கிறது அவன்தான். ஆனால் ஆள் தேடுவதற்கு மட்டும் அவனை அனுப்பவில்லை. ஐந்து தடவையும் எஜமானே நடந்து போகிறான். நம் தோட்டத்தில் எந்தத் துரை லயத்து வாசலில் வந்து நின்று, “உனக்கு வேலை கிடைத்ததா?” என்று கேட்டார்? கடைசியில் வந்தவனுக்கும் முதலில் வந்தவனுக்கும் ஒரே கூலி. காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள் முறுமுறுத்தார்கள். எனக்கு அவர்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஒரு நாள் கூலிக்குக் குறைவாகக் கொண்டுபோனால் அந்தக் கடைசி ஆளின் வீட்டில் அன்று ராத்திரி அடுப்பு எரியாது என்பது எஜமானுக்குத் தெரிந்திருந்தது.

மோசே பார்வோன் முன்னால் போய் நின்றபோது வயது 80. தேவாலயத்தில் குழந்தை இயேசுவைப் பார்த்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவரைப் பற்றிப் பேசின அன்னாள் 84 வயது விதவை.

உங்களுக்கு என்ன வேலை என்று நான் வீட்டில் இருந்தபடி சொல்ல முடியாது. ஆனால் நான் பார்க்கிறதைச் சொல்கிறேன். சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்கு வயதானவர்கள் தனியாகப் போய், நம்பர் எடுத்துக்கொண்டு, மலாயில் என்ன சொல்கிறார்கள் என்று புரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கத்தரிக்கன்று எப்படி நடுவது என்று தெரியாது. ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் ரயில்பாதைக்கு 1942, 43இல் இழுத்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாத தோட்டத்து ஜனங்களைப் பற்றி உங்கள் அப்பா சொன்னதைக் கேட்க இந்தத் தலைமுறைக்கு ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை எங்கள் அறைக்கு வாருங்கள், ஐயா. அரை மணிநேரம் பிள்ளைகளிடம் பேசுங்கள்.

“வீட்டில் எல்லாரும் இந்து. நான் மட்டும் இயேசுவை விசுவாசிக்கிறேன். அம்மா அழுகிறார். குடும்பத்தை விட்டுவிடத்தான் வேண்டுமா?”

விட வேண்டாம். உன் தாயையும் தகப்பனையும் கனம்பண்ணு என்ற கட்டளையில் தாய் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவள் என்று எழுதவில்லை. உன் விசுவாசம் வந்தபிறகு நீ வீட்டில் அதிகமாகப் பாத்திரம் கழுவுகிறாய், குரலை உயர்த்துவதில்லை, சம்பளத்தில் அம்மாவுக்கு ஒழுங்காகக் கொடுக்கிறாய் என்றால் அம்மாவின் அழுகை மெல்லக் குறையும். அவர் கும்பிடுவதைக் கேலி செய்யாதே. அப்படிச் செய்கிறவர்களை நான் பலமுறை கண்டித்திருக்கிறேன். ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போனால், நெற்றியில் திருநீறோடு மெழுகுவர்த்தி ஏற்றி நிற்கிற அம்மாக்களைப் பார்க்கலாம். உன் அம்மாவும் ஒருவேளை போயிருப்பார், கேட்டுப் பார். பேச்சு அங்கிருந்து தொடங்கலாம்.

சடங்குகளில் எதில் கலந்துகொள்ளலாம், எதில் மனசாட்சி தடுக்கிறது என்பதை முன்கூட்டியே அன்பாகச் சொல்லிவிடு. விசேஷத்தன்று எல்லார் முன்னாலும் அம்மாவைத் தலைகுனிய வைக்காதே. பந்தல் போட, சமைக்க, பரிமாற, பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வர யாருக்கும் தடை இல்லை.

கிறிஸ்தவன் ஆனால் தமிழன் இல்லை என்று யாராவது சொன்னால் மனம் உடையாதே. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றபின்பும் கம்பனை விடவில்லை. அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் என்ற கிறிஸ்தவக் காப்பியத்தில் கம்பனின் வாசனை வீசும். நாம் சபையில் பாடுகிற கீர்த்தனைகளில் பல தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாடியவை.

“விசுவாசித்தால் கடன் தீருமா, வியாபாரம் பெருகுமா?”

அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. இயேசுவுக்குத் தலைசாய்க்க இடமில்லை என்று அவரே சொன்னார். காணிக்கை போட்டால் பத்து மடங்கு திரும்பும் என்று சொல்கிறவர்களிடம் உங்கள் கஷ்டப்பட்ட காசைக் கொடுக்காதீர்கள்.

“வீட்டுக்காரர் தினமும் சம்சு சாராயம் குடித்துவிட்டு அடிக்கிறார். சகித்துக்கொண்டு இருப்பதுதான் என் சிலுவை என்று சொல்கிறார்கள். இதுதான் என் நோக்கமா, அக்கா?”

இல்லை அம்மா. இல்லவே இல்லை.

இயேசு சிலுவையைத் தாமாக எடுத்தார். ஒருவரையும் காப்பாற்றாத அடியை யாரும் வாங்கிக்கொண்டு கிடக்கும்படி அவர் சொல்லவில்லை. நாசரேத்தில் ஜனங்கள் அவரை மலை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போனபோது அவர் அவர்கள் நடுவிலிருந்து விலகிப் போய்விட்டார். நீங்களும் பிள்ளைகளும் உயிரோடு, பயமில்லாமல் இருக்க வேண்டும் என்பது அவருடைய சித்தம். 15999 என்ற அரசாங்க உதவி எண்ணுக்கு (தாலியான் காசே) இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் போலீஸில் புகார் செய்து பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னிடமோ சபையில் நீங்கள் நம்புகிற ஒரு அக்காவிடமோ சொல்லுங்கள், கூட வருகிறோம். மன்னிப்பைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த வீட்டை விட்டுப் பத்திரமான இடத்துக்கு வாருங்கள்.

“எனக்கு வாழவே பிடிக்கவில்லை.”

மூன்றே சொல். பேர் இல்லை. இந்தத் தாள் வந்த வாரம் எனக்குத் தூக்கம் இல்லை.

எலியாவும் இதையே சொன்னார். வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். தேவதூதன் வந்து அவரைத் திட்டவில்லை, உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை, நோக்கத்தைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துத் தூங்கினார். தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

இதை எழுதினது நீ என்றால்: இன்று ராத்திரி தனியாக இருக்காதே. யாராவது ஒருவரிடம் வாயைத் திறந்து இந்த மூன்று சொல்லை அப்படியே சொல். 03-7627 2929 எண்ணில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் 24 மணிநேரமும் கேட்பார்கள். கிளினிக்கில் டாக்டரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு இல்லை. எனக்கு ஒரு மெசேஜ் போடு. ராத்திரி இரண்டு மணியானாலும் பரவாயில்லை. நான் வந்து உன் வீட்டு வாசலில் உட்காருகிறேன். சாப்பாடும் கொண்டுவருகிறேன். நோக்கத்தைப் பற்றி இப்போது ஒன்றும் பேச வேண்டாம்.

“சரி, எங்கிருந்து தொடங்குவது? எனக்கு பைபிளே பழக்கமில்லை.”

மாற்கு சுவிசேஷம். 16 அதிகாரம்தான், நாளைக்கு ஒன்று என்று படித்தாலும் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால் பொது மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள். படிக்கும்போது உனக்கான செய்தி எது என்று தேடிக்கொண்டிருக்காதே. இயேசு யார் பக்கம் திரும்புகிறார், யாரைத் தொடுகிறார், யார் வீட்டில் சாப்பிடுகிறார் என்று மட்டும் கவனி. முடித்தபின், உன்னைச் சுற்றி அப்படிப்பட்டவர் யார் இருக்கிறார் என்று பார். ஒருவர் போதும். ஜெபிக்கத் தெரியாதே என்று சிலர் தயங்குகிறார்கள். அம்மாவிடம் பேசுவது போலப் பேசினால் போதும், நல்ல தமிழ் தேவையில்லை.

“நீங்கள் உங்கள் நோக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்களா, டீச்சர்?”

இதைக் கேட்டவன் 16 வயதுப் பையன். தாளில் எழுதவில்லை, நேராகவே கேட்டான். அவனுக்குச் சொன்னதையே எழுதுகிறேன்.

நர்ஸ் படிப்புக்கு எனக்கு 19 வயதில் இடம் கிடைத்தது. அதே மாதம் அம்மா விழுந்துவிட்டார், இடுப்பெலும்பு. தம்பிகள் இரண்டு பேரும் சின்னவர்கள். நான் போகவில்லை. வெகுகாலம் அந்தக் கடிதத்தை அலமாரியில் வைத்திருந்து, யாரும் இல்லாதபோது எடுத்துப் படிப்பேன். என் நோக்கம் அந்தக் கடிதத்தோடு போய்விட்டது என்று நம்பினேன், தேவனிடம் கோபமாகவும் இருந்தேன். அந்தக் கோபம் எந்த நாளில் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அம்மாவைக் குளிப்பாட்டின, தலை சீவின, மாத்திரை கொடுத்த அத்தனை வருஷத்துக்குள் எங்கேயோ போய்விட்டது. அவர் கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துப் பார்த்து, “உன் கை நல்லா இருக்குடி, வலிக்கவே இல்ல” என்றார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஆராதனைக்கு முன்னால் என் பழைய கான்சில் காரை எடுத்துக்கொண்டு, எங்கள் தோட்டத்திலிருந்து இங்கே குடிவந்த ஒரு பாட்டியைக் கூட்டிவரப் போகிறேன். அம்மாவோடு ஒரே நிரையில் வெட்டியவர். ஆராதனை ஒன்பது மணிக்கு. நான் ஏழு மணிக்கே போனாலும், பைபிளை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஜெராய் மலையைப் பார்த்தபடி படியில் உட்கார்ந்திருப்பார். கதவைத் திறந்ததும், “பசியாறிட்டியாடி?” என்று கேட்பார்.